இறுக்கமான வீடு

பிள்ளை, இந்தச் சீட்டில ஆரும் இருக்கினமோ? இல்லையெண்டா நான் ஒருக்கா இருக்கட்டே. அங்க மனிசிக்குப் பக்கத்தில இருந்தனான், அந்த யன்னல் ரப்பர் வெடிச்சுப்போய்க் காத்து ஊசி மாதிரி உள்ளுக்கு வருது. அவவையும் எழும்பி வாங்கோ எண்டு கூப்பிட்டனான். தலையை ஆட்டிப்போட்டு அப்பிடியே இருக்கிறா. அந்தா, நாலு சீட்டு முன்னால, மண்ணிறச் சால்வை போத்திக்கொண்டு. அவதான்.

தமிழ்ப் பிள்ளை எண்டு ஏறேக்கையே கண்டனான். வின்னிபெக் ஸ்டாண்டில தாயோட போனில கதைச்சுக்கொண்டு நிண்டீர், என்ன? "சாப்பிட்டன் அம்மா, சாப்பிட்டன்" எண்டு மூண்டு தரம் சொன்னீர். சாப்பிடேல்லை எண்டு எனக்கு அப்பவே விளங்கிட்டுது. இந்தாரும், ரெண்டு வடை இருக்கு. எடும். ரெஜைனாவுக்குப் போய்ச்சேர இன்னும் அஞ்சு மணித்தியாலம் கிடக்கு, வெளியில பாக்கவும் ஒண்டுமில்லை, வெள்ளை, வெள்ளை, வெள்ளை. எங்க படிக்கிறீர்? நேர்சிங்கோ. நல்லது. நல்ல படிப்பு.

நான் வீட்டு வெளிச்சுவர் வேலை செய்யிறவன். செய்தனான் எண்டு சொல்லவேணும், இப்ப விட்டிட்டன். இருபத்துநாலு வருசம். வின்னிபெக்கில எங்கட சனத்திட்டை "சைடிங் குணம்" எண்டு கேட்டுப் பாரும், தெரியாத ஆள் இல்லை. குணரத்தினம் எண்ட முழுப்பேர் எனக்கே சில நேரம் மறந்துபோகும். பழைய வீட்டுச் சுவரைக் கழட்டி, உள்ள ஃபோம் பலகை வைச்சு, பொருத்தெல்லாம் டேப் ஒட்டி, மேல துணி சுத்தி, அதுக்கு மேல புது சைடிங் அடிச்சு விட்டனெண்டா, மைனஸ் நாப்பதிலயும் உள்ளுக்கு பனியனோட திரியலாம். சும்மா புளுகேல்லை. ஊரில வீடு கட்டேக்கை காத்து வரட்டும் எண்டு சுவரில ஓட்டை விட்டுக் கட்டுவம். இஞ்ச வந்து அந்த ஓட்டையளைத் தேடித் தேடி அடைச்சுத்தான் நான் சோறு சாப்பிட்டனான். விதியைப் பாரும்.

எப்பிடித் தேடுறது எண்டு கேளும். வெள்ளைக்காரங்கள் அதுக்கு மெசின் வைச்சிருக்கிறாங்கள். எனக்கு மெசின் தேவையில்லை. ஊதுவத்தி ஒண்டைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமா மெல்ல நடப்பன். புகை நேர மேல போனா அந்த இடம் சரி. எங்க சாயுதோ, அங்க ஓட்டை. வீட்டுக்காரச் சனம் நான் ஏதோ பூசை செய்யிறன் எண்டு நினைச்சுக் கும்பிட்டுக்கொண்டு பின்னால வருவினம். நானும் சிரிச்சுக்கொண்டு விடுவன்.

இப்ப எங்க போறம் எண்டு கேக்கிறீரோ. மகளிட்டை. நிரோஜினி எண்டு பேர். ஒரே பிள்ளை. மருமோன் பிரதீபனுக்கு ரெஜைனாவில வேலை. இப்ப பொடியன் பிறந்து பதினெட்டு நாள். அதைப் பாக்கத்தான் போறம். நான் போறன்.

ஓம், அவவும் வாறாதான். பொறும், சொல்லுறன். நீர் கேக்காட்டிலும் சொல்லத்தான் வேணும் போல கிடக்கு.

இது ரெண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை மூண்டு மாரிக்கு முதல். தலைப்பிள்ளை தாய்வீட்டிலதானே. அது எங்கட முறை. மருமோன்ர வீட்டுக்காரரும் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா பிள்ளைக்கு நாள் குறிச்சது தை மாசம். வின்னிபெக்கில தை மாசம் எண்டா உமக்குத் தெரியும்தானே, மூக்குக்குள்ள மயிர் விறைக்கும். என்ர மனிசி தவமலருக்கு ஆவணி மாசமே நித்திரை இல்லாமல் போட்டுது. "பச்சை உடம்புக்காரிக்குக் காத்துப் பட்டா சன்னி வந்திடும், இந்த ஓட்டை வீட்டில பிள்ளையை எப்பிடி வைச்சுப் பாக்கிறது, ஊருக்கெல்லாம் சுவர் போடுறியள், உங்கட வீட்டைப் பாருங்கோ" எண்டு விடிஞ்சா பொழுதுபட்டா இதுதான் கதை. அவ சொன்னதும் உண்மை. எங்கட வீடு அறுவது வருசப் பழசு. நான் வேலை, வேலை எண்டு ஊருக்குள்ள ஓடித் திரிஞ்சு சொந்த வீட்டில ஒரு ஆணி அடிக்கேல்லை.

சரி எண்டு தொடங்கினன், பிள்ளை. ஆவணியில தொடங்கிக் கார்த்திகை வரைக்கும். வேற ஒரு வேலையும் எடுக்கேல்லை. நாலு சுவரையும் மரச்சட்டம் தெரியக் கழட்டினன். உள்ளுக்கு எலிக்கூடு, பழைய பேப்பர், அம்பதாம் ஆண்டு பால் போத்தல். எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிப்போட்டு, மற்றவைக்கு ரெண்டு அங்குலம் வைக்கிற ஃபோம் எனக்கு நாலு அங்குலம் வைச்சன். மூண்டு கண்ணாடி போட்ட யன்னல். முகட்டுக்குள்ள முழங்காலளவு பஞ்சு. பிளக் பொயின்ட் ஒவ்வொண்டையும் கழட்டிப் பின்னால பசை அடிச்சன், ஆர் செய்வினம் சொல்லும். முடிய, வீடு சோதிக்கிற ஆளைக் கூப்பிட்டன். அவன் வாசல் கதவில ஒரு பெரிய காத்தாடியைப் பூட்டி வீட்டுக்காத்தை வெளிய இழுத்து, எங்கால எவ்வளவு உள்ள வருதெண்டு அளந்தான். அளந்துபோட்டு மெசினைத் தட்டிப் பாக்கிறான். பிழையெண்டு நினைச்சிட்டான். திரும்பவும் அளந்தான். பழைய வீட்டில இப்பிடி ஒரு கணக்கு நான் காணேல்லை எண்டு கையைக் குடுத்தான். அந்தக் கடதாசியை நான் சாமியறையில வைச்சனான். பகிடியில்லை, உண்மையா.

தை மாசம் எட்டாம் திகதி பிள்ளை பிறந்துது. பெட்டைக்குஞ்சு. நல்ல கறுத்த முடி, நெத்தி வரைக்கும். ஆசுப்பத்திரியில இருந்து கொண்டு வந்து வடக்குப் பக்கத்து அறையில விட்டம். மனிசி எல்லாம் முறைப்படி. பத்தியக்கறி, சரக்குத் தண்ணி, மகளுக்கு மருந்தவிச்ச தண்ணியில முழுக்கு, பிள்ளைக்கு எண்ணெய் தடவி வார்க்கிறது, வார்த்துப்போட்டுச் சாம்பிராணி. நிரோ இஞ்ச வளந்த பிள்ளை எண்டாலும் தாய் சொன்னதுக்கு மறுபேச்சு இல்லை. அந்த ஒரு கிழமை மாதிரி ஒரு கிழமை நான் காணேல்லை. வேலையால வந்து சப்பாத்தைக் கழட்டேக்கையே அந்த மணம் வரும். நானே என்ர பாட்டில சிரிப்பன். முப்பத்தொண்டில துடக்குக் கழிச்சு, தொட்டிலில போட்டு, பேர் வைக்கிறதா இருந்தம். நிரோ பேர் தெரிஞ்சு வைச்சிருந்தவள், எங்களுக்குச் சொல்லேல்லை. "முப்பத்தொண்டில சொல்லுறன் அப்பா" எண்டவள்.

இருபத்திரண்டாம் நாள்.

நான் அண்டைக்கு ஒரு வீட்டில வேலை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தனான், ரெண்டு மணியிருக்கும். குசினியில மனிசி நிலத்தில இருக்கிறா, அலுமாரியோட சாய்ஞ்சுகொண்டு. தலை சுத்துது, நித்திரை முழிச்ச களைப்புப் போல எண்டா. பிள்ளையும் தாயும் எங்க எண்டு கேட்டன். முழுகிப்போட்டு நல்ல நித்திரை, எழுப்பாதேங்கோ எண்டா. நான் கதவைத் திறந்தன். அறை முழுக்கச் சூடு. கட்டிலுக்குக் கால்மாட்டில நெருப்புச்சட்டி. சிரட்டைக்கரி. மேல சாம்பல் பூத்து, உள்ளுக்கு இன்னும் சிவப்பு.

உமக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை, நேர்சிங் படிக்கிறீர். கரி நெருப்பு. மணமில்லாத நஞ்சு. மகளின்ர முகம் நல்ல ரோசாப்பூ நிறம், பிள்ளையின்ர முகமும் அப்பிடித்தான். ஆருக்கு எண்டாலும் நல்ல சுகமான நித்திரை எண்டுதான் தோணும். அதுதான் என்ர மனிசி ரெண்டு தரம் வந்து எட்டிப் பாத்துப்போட்டுக் கதவைச் சாத்தினவ.

மகள் தப்பிட்டாள். ஒக்சிசன் பெட்டிக்குள்ள மூண்டு நாள் வைச்சவங்கள். வலது கை இப்பவும் கொஞ்சம் நடுங்கும், சில சொல்லுகள் டக்கெண்டு வராது. பிள்ளை எங்களை விட்டுப் போட்டுது. ஆசுப்பத்திரிக் கடதாசியில பேர் எழுதச் சொல்லிக் கேட்டாங்கள், எனக்கு என்ன பேரெண்டு தெரியாது, தெரிஞ்சவளுக்கு நினைவில்லை. "பேபி" எண்டு எழுதித்தான் எரிச்சம்.

தண்ணி வேண்டாம், பிள்ளை. நான் சொல்லி முடிக்கிறன்.

நெருப்பணைக்கிற பகுதியில இருந்து ஒரு ஒபிசர் வந்தவர். நல்ல மனுசன், வயசாளி. வீட்டைச் சுத்திச் சுத்தி நடந்தார், தட்டிப் பாத்தார், யன்னல் சட்டத்தைக் கையால தடவிப் பாத்தார். ஆர் இந்த வேலை செய்தது எண்டு கேட்டார். நான்தான் எண்டன். முப்பது வருசத்தில இப்பிடி ஒரு இறுக்கமான வீட்டை நான் காணேல்லை எண்டார். அவற்றை வாயாலயே. அவ்வளவு துக்கத்துக்குள்ளயும் நான் அதைக் கேட்டனான், ஏனெண்டா சனம் பிறகு என்ன சொல்லும் எண்டு எனக்குத் தெரியும். வேலையில பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. ஒபிசரே சொல்லியிருக்கிறார்.

சட்டியை ஆர் வைச்சது எண்டு கேட்டவர். மனிசிக்கு இங்கிலிஸ் வராது. நான் மொழிபெயர்க்க வாயைத் திறக்க முதல் அவ தன்ர நெஞ்சில கையை வைச்சுக் காட்டினா. "நான்" எண்டு. பிறகு தமிழில சொன்னா, நான்தான் வைச்சனான், வேற ஒருத்தருக்கும் இதில சம்பந்தமில்லை எண்டு சொல்லுங்கோ எண்டு. நான் அப்பிடியே சொன்னன். விபத்து எண்டு எழுதி முடிச்சாங்கள்.

ஆனா ஊர்வாயை மூட உலைமூடி இல்லையே. அம்மம்மாவே பேத்தியைச் சாக்கொண்டுபோட்டா எண்டு கோயிலில வைச்சே கதைச்சதுகள். ஊரில முந்தி எல்லாரும் வைச்சவைதான், அவையளின்ர தாயும் வைச்சிருப்பா, இப்ப எல்லாருக்கும் விஞ்ஞானம் தெரியும். அவ கோயிலுக்குப் போறதை விட்டா. பிறகு கடைக்குப் போறதை விட்டா. நிரோ ஆசுப்பத்திரியால நேர ரெஜைனாவுக்குப் போனவள்தான், தாயோட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, இண்டைக்கு வரைக்கும். எனக்கு மாசத்தில ஒருக்கா போன் எடுப்பாள். மனிசி பக்கத்தில வந்து என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பா. போனை வைச்ச உடன சாப்பிட்டாளாமோ எண்டு கேப்பா. அது மட்டும்தான்.

என்ன, புகைக்கும் நஞ்சுக்காத்துக்கும் கத்துற அலாரமோ? இருந்தது. கழட்டி வைச்சிருந்தது. நீர் தமிழ்ப்பிள்ளைதானே, உம்மட வீட்டிலயும் கழட்டித்தான் இருக்கும், போய்ப் பாரும். தூளுக்கு மிளகாய் வறுக்கேக்கை அது கத்தின கத்தில பக்கத்து வீட்டுக் கிழவன் ரெண்டு தரம் போன் அடிச்சு நெருப்பு வண்டியைக் கூப்பிட்டிட்டான். அண்டைக்கே பட்டரியைக் கழட்டி மேசை லாச்சிக்குள்ள போட்டன். திருப்பிப் போடவேணும், போடவேணும் எண்டு, அப்பிடியே போட்டுது.

இல்லை, நீர் வேற ஏதோ கேக்க வாறீர். முகத்தில தெரியுது. கேளும்.

ஓம். இருக்கு. இறுக்கமான வீட்டுக்கு வெளிக்காத்து வாறதுக்கெண்டு ஒரு குழாய் கட்டாயம் விடவேணும். அதுதான் சட்டம். வெளிச்சுவரில இந்தளவு ஒரு மூடி, வலை போட்டிருக்கும், அதுக்குள்ளால நல்ல காத்து வரும், கெட்டது மற்றப் பக்கத்தால போகும். அது மூக்கு மாதிரி. நான் எத்தினை வீட்டில எத்தினை சனத்துக்குச் சொல்லியிருப்பன், அண்ணை, இதை மட்டும் அடைச்சுப்போடாதேங்கோ, குளிர்காத்து வருதெண்டு துணி செருகிப்போடாதேங்கோ எண்டு. படம் கீறிக் காட்டியிருக்கிறன். நீர் முதல் ஆள், பிள்ளை, இதைக் கேட்டது. மூண்டு வருசத்தில.

சரி. கேட்டிட்டீர்.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வந்து ஆறாம் நாள் மைனஸ் முப்பத்தெட்டு. எவ்வளவு சூடாக்கினாலும் அந்தக் குழாய்க் காத்து அறைக்குள்ள விழேக்கை கொஞ்சம் குளிராத்தான் விழும். அது பரவாயில்லை, அது அப்பிடித்தான். நான் ஊதுவத்தியைப் பிடிச்சுப் பாத்தன். புகை நேர பிள்ளை படுத்த பக்கம் சாயுது. அண்டைக்குப் பிள்ளை தும்மினது. ரெண்டு தரம். நிரோ, அப்பா இஞ்ச குளிருது எண்டாள். நாலு மாசம் பாடுபட்டு ஒரு நூல் காத்துப் புகாத வீடு கட்டிப்போட்டு, கடைசியா ஒரே ஒரு ஓட்டையால என்ர பேத்தியின்ர நெஞ்சில காத்துப் படுதெண்டா எனக்கு எப்பிடியிருக்கும் சொல்லும். ஒரு முப்பத்தொண்டு நாளைக்குத்தானே. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, தான் போய்க் கழுநீர்ப்பானையில விழுமாம் துள்ளி. அதுதான் நான்.

பஞ்சு வெட்டினது மிச்சம் கிடந்தது. அதைக் கடைப் பையொண்டுக்குள்ள திணிச்சு, டேப் சுத்தி, மூடிக்குள்ள இறுக்கிச் செருகினன். அந்தக் குழாய் வாயைப் பனி மூடாமல் இருக்கட்டும் எண்டு நானே திருத்தேக்கை உயர்த்தி வைச்சனான், அதால ஏணி வைச்சுத்தான் ஏறவேண்டியிருந்தது. ஏணி பனியில வழுக்கிச்சுது. மனிசிதான் வந்து பிடிச்சுக்கொண்டு நிண்டவ. "இதை அடைக்கலாமோப்பா, நீங்கள் மற்றவைக்குக் கூடாதெண்டு சொல்லுறனீங்கள்" எண்டு கேட்டவ. உமக்கென்ன தெரியும், வாயை மூடிக்கொண்டு பிடியும் எண்டு ஏசினன். பிடிச்சா.

அது அடைச்சபிறகுதான் அறை கொஞ்சம் ஈரக்கசிவா, ஒரு மாதிரி இருந்தது. யன்னலெல்லாம் தண்ணி வழிஞ்சுது. ஈரம் பிள்ளைக்குக் கூடாது எண்டுதான் அவ நெருப்புச்சட்டியைக் கொண்டு வந்து வைச்சது. முதல் சாம்பிராணிக்கு மட்டும்தான், போட்டிட்டு எடுத்திடுவா. அந்தக் கடைசி மூண்டு நாலு நாளாத்தான் உள்ளுக்கு விட்டது.

அண்டைக்கு நான் என்ன செய்தனான் எண்டும் சொல்லிப்போடுறன். மகளை இழுத்துக்கொண்டு வந்து வெளிய பனியில கிடத்தினன், போர்வையோட. மனிசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோட வந்து நிண்டா. நான் அம்புலன்ஸுக்குப் போன் அடிச்சன். அந்தப் பக்கம் ஒரு பொம்பிளை கதைச்சவ. குழந்தையை நிலத்தில வையுங்கோ, ரெண்டு விரலால நெஞ்சில அழுத்துங்கோ, நான் எண்ணுறன் எண்டு சொல்லிக்கொண்டிருந்தா. நான் போனைச் சட்டைப் பைக்குள்ள வைச்சுப்போட்டு ஏணியைக் கொண்டு வந்து சுவரில சாத்தினன். ஏறிப் போய், மூடிக்குள்ள செருகின அந்தப் பையை இழுத்து எடுத்தன். இறுகிப்போய் இருந்தது, ரெண்டு கையாலயும் இழுக்கவேண்டியிருந்தது. சட்டைப் பைக்குள்ள போனில இருந்து அந்தப் பொம்பிளை ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எண்ணிக்கொண்டே இருந்தா.

காத்து வரட்டும் எண்டுதான் எடுத்தனான். ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? ஓம், வீட்டுக்குள்ள அப்ப ஒருத்தரும் இல்லைத்தான். எண்டாலும் வீட்டுக்குக் காத்து வேணுமெல்லே. அந்த நேரத்தில மனுசனுக்கு என்ன புத்தி வேலை செய்யும். இறங்கி வந்து நான் அழுத்தினனான், அம்புலன்ஸ் வருமட்டும் அழுத்தினனான். ரெண்டு நிமிசம் பிந்தியிருக்கும், கூடினா மூண்டு. டொக்டரிட்டைக் கேட்டனான். அதுக்கு முதலே முடிஞ்சிருக்கும், ரெண்டு நிமிசத்தில ஒண்டும் மாறியிராது எண்டுதான் சொன்னவர். மாறியிருக்கும் எண்டு அவராலயும் சொல்லேலாதுதானே.

அந்தப் பஞ்சுப் பையை என்ர வேலை வானுக்குள்ள எறிஞ்சனான். மற்ற நாள் வேலைசெய்த வீட்டுக் குப்பையோட போட்டுது. ஒபிசர் அந்த மூடிக்குள்ள டோர்ச் அடிச்சுப் பாத்தவர். திறந்துதான் இருந்தது. அதை எழுதியும் வைச்சவர்.

மனிசியோ? அவவுக்கு அது நினைவில்லை. ஏணி பிடிச்சது, கேட்டது, நான் ஏசினது, ஒண்டும் நினைவில்லை எண்டுதான் நினைக்கிறன். அவவும் அந்த நஞ்சைக் கொஞ்சம் குடிச்சவதானே, தலையில ஏதோ அழிஞ்சிட்டுது போல. அண்டைக்கு நான் ஏணியில ஏறேக்கை எனக்கு நேரதான் பிள்ளையோட நிண்டவ. ஆனா என்னைப் பாக்கேல்லை, பிள்ளையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டிருப்பா. நினைவிருந்தா ஒரு சண்டையிலயாவது சொல்லியிருக்கமாட்டாவே? மூண்டு வருசம், ஒரே வீட்டில, ஒரே குசினியில. நான் எத்தினை தரம் கோவத்தில "உம்மட நெருப்பாலதானே" எண்டு சொல்லியிருக்கிறன். ஓம் எண்டுபோட்டுச் சட்டியைக் கழுவுவா. நினைவிருக்கிற மனுசர் அப்பிடி இருப்பினமே.

சொல்லலாம்தான். மகளிட்டைச் சொல்லலாம்தான். நீர் சின்னப்பிள்ளை, உமக்கு லேசாத் தெரியும். யோசிச்சுப் பாரும். போன கிழமை நிரோ போன் எடுத்தவள். "அப்பா, தம்பியைப் பாக்க வாங்கோ. நீங்கள் மட்டும் வாங்கோ. அம்மாவைக் கண்டா எனக்கு அந்தக் கரி மணம் வருது, நான் என்ன செய்ய" எண்டு அழுதாள். இப்ப நான் போய் இதைச் சொன்னா என்ன நடக்கும்? தாய் இல்லாத பிள்ளை, தேப்பனும் இல்லாமல் போகும். ரெண்டு பேரில ஒராளாவது அந்த வீட்டுக்குள்ள போகவேணும், அந்தப் பொடியனைத் தூக்கவேணும். அது நான் எண்டு அமைஞ்சிட்டுது. நான் எனக்காகச் சொல்லேல்லை. என்ர பிள்ளைக்காகச் சொல்லுறன்.

நான் மட்டும்தான் போறதெண்டு இருந்தது. விடிய எழும்பிப் பாக்கிறன், அவ சீலை உடுத்து, கோட்டுப் போட்டு, வாசலில பையோட இருக்கிறா. பைக்குள்ள சரக்குத்தூள், நல்லெண்ணெய், பிள்ளைக்கு ரெண்டு துணிச்சட்டை கையால தைச்சது. உம்மை வரவேண்டாமெண்டு சொன்னவள் எண்டன். தெரியும், நான் வீட்டுக்கு வரேல்லை, பஸ் ஸ்டாண்டில இருக்கிறன், நீங்கள் போய்ப் பாத்திட்டு வந்து முகம் ஆரின்ர சாயல் எண்டு சொன்னாக் காணும் எண்டா. அதுக்காக ஏழு மணித்தியாலம் பஸ்ஸில. நான் என்ன செய்ய, கூட்டிக்கொண்டு வாறன்.

உமக்குக் கண் கலங்குது. வேண்டாம். நீர் என்ர மகளில்லை, நான் ஆரெண்டும் உமக்குத் தெரியாது, இறங்கினா நீர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதாலதான் சொல்ல முடிஞ்சுது. வீட்டுக்குப் போய்த் தாய்க்குச் சொல்லிப்போடாதேயும். எங்கட சனம் ரொறொன்ரோவில இருந்து லண்டன் வரைக்கும் ஒரே ஊர்.

அந்தா, ரெஜைனா லைட்டெல்லாம் தெரியுது. என்ன, பின்னேரம் அஞ்சு மணிக்கே மம்மலாக் கிடக்கு.

பிள்ளை, ஒரு உதவி. மருமோன் காரோட ஸ்டாண்டுக்கு வருவார். அவர் இவவைக் கண்டா சில நேரம் என்னையும் ஏத்தாமல் திரும்பிடுவார், கோவக்காரர். நான் முதல் இறங்கிப் போறன். நான் போனபிறகு நீர் இவவைக் கூட்டிக்கொண்டு இறங்கி, உள்ளுக்கு அந்த வாங்கில ஒருக்கா இருத்திவிடும். கதவுக்குப் பக்கத்தில வேண்டாம், அங்க காத்து. உம்மட அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தா கொஞ்ச நேரம் பக்கத்தில இரும், ஒரு மணித்தியாலம் எண்டாலும். அவவால உமக்கு ஒரு கரைச்சலும் இராது. தண்ணி கேக்கமாட்டா, பசிக்குது எண்டு சொல்லமாட்டா. நான் சொன்னதுகளை அவவிட்டைக் கேட்டுப்போடாதேயும். கேட்டாலும் ஒண்டும் வராது. அவ ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டா.